தலை இல்லாத புத்தகங்கள்

என்னுடைய முதல் நாவல் அச்சாவதற்கு முன்னால், வேறு ஆறு பேருடைய நாவல்களுக்கு நான் முதல் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. செய்தது சரியா தப்பா என்பதைப் படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். ஒரு கதையை எங்கே தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று இன்றைக்குத் தயங்காமல் சொல்கிறேன். அந்தத் தைரியத்தைக் கொடுத்தவை அந்த ஆறு அத்தியாயங்கள்.

கல்யாணமாகி நெய்க்காரப்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. எட்டாவது வரை படித்திருந்தேன். என் கணவர் புத்தகம் பைண்டு செய்கிறவர். மலைக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சந்தில் வீடு, வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர்களும், பிய்ந்துபோன ஜெபப்புத்தகங்களும், வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைகளும் அவரிடம் வரும். தொடர்கதையைக் கொடுத்தவர்களில் சிலர் திரும்ப வந்து வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதையெல்லாம் ஒரு அலமாரியில் அடுக்கி வைத்தார். கடைக்கு வந்தவர்கள் "இத ஒரு வாரம் எடுத்துட்டுப் போகவா" என்று கேட்டார்கள். பலகை மாட்டாமலே அது ஒரு வாடகை நூல்நிலையம் ஆகிவிட்டது.

தையல் என் வேலை. பக்கங்களை வரிசைப்படுத்தி, ஊசியால் குத்தித் தைத்து, முதுகில் பசை தடவி அவரிடம் கொடுப்பேன். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்தால் அதுதான் பசை. வரிசைப்படுத்துகிற சாக்கில் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். "மொதல்ல கடைசிப் பக்கத்தப் பாரு. முற்றும்னு போட்டிருந்தாத்தேன் தைக்கணும்" என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் எந்தக் கதையையும் நான் முடிவிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். ஜனங்கள் ஒரு வருஷம் வாரா வாரம் காத்திருந்து தெரிந்துகொண்டதை, பசை ஆறுகிற நேரத்தில் நான் தெரிந்துகொள்வேன்.

ஒரு ஐப்பசியில் ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பம் ஒன்று மாற்றலாகிப் போனது. போகும்போது ஒரு சாக்கு நிறையக் கிழித்த பக்கங்களை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒரு பெரிய தொடர்கதை முழுசாக இருந்தது, முதல் மூன்று வாரம் மட்டும் இல்லை.

"மூணு வாரந்தேன? யாரு கண்டுபிடிக்கப் போறாக?" என்றார் அவர். பச்சைக் காலிகோத் துணி போட்டு, மூலைகளுக்குத் தோல் வைத்து அருமையாகப் பைண்டு செய்தார். அவர் செய்ததிலேயே அழகான புத்தகம் அதுதான். நாலாவது அத்தியாயத்தில் தொடங்கியது.

முதலில் எடுத்துப் போனவர் ஒரு கணக்கு டீச்சர். கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் வேலை. என்னைவிட ஒரு வயது சின்னவர். வேறொரு டீச்சரோடு சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். வாரத்துக்கு இரண்டு புத்தகம் படிப்பார், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சனிக்கிழமை கொண்டுபோனதை ஞாயிறு பூசை முடிந்த கையோடு திருப்பிக் கொண்டுவந்தார்.

"அக்கா, இதுல ஒரு பொம்பள மொத வரியிலயே அழுதுக்கிட்டிருக்கா. யாருன்னு தெரியல, ஏன்னு தெரியல. ஏழு பக்கம் அழறா. எனக்கு அவ மேல கோவந்தான் வருது."

"மொத மூணு வாரம் விட்டுப்போச்சுங்க டீச்சர்."

"அப்ப இது புத்தகமா? தலையில்லாத முண்டம்" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் நாலு பேர் எடுத்தார்கள். நாலு பேரும் மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் போட்டுவிடலாம், காலிகோவாவது மிஞ்சும் என்றார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. நான் அந்தக் கதையை முழுதாகப் படித்திருந்தேன். அந்தப் பெண் எதற்காக அழுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அது அழ வேண்டிய விஷயந்தான்.

"பிரிக்க வேண்டாமுங்க. நான் முன்கதைச் சுருக்கம் எழுதித் தர்றனுங்க" என்றேன்.

வார இதழ்களில் போடுவார்களே, அதே மாதிரி ஒரு பக்கம் எழுதினேன். இன்னாருக்கு இன்னார் மகள், இன்ன ஊரில் வாழ்க்கைப்பட்டாள், இன்ன காரணத்தால் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அதை முதல் பக்கமாக ஒட்டி, டீச்சரிடம் மறுபடி கொடுத்தோம். அவர் இரண்டு நாள் வைத்திருந்தார்.

"இப்ப யாரு என்னன்னு தெரியுது அக்கா. தெரிஞ்சும் என்ன? அவ அழுதா எனக்கென்னன்னுதான் இருக்கு."

அன்று முழுக்க அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. ஒருத்தியைப் பற்றிய விவரம் அத்தனையும் கொடுத்துவிட்டேன். அப்படியும் படிக்கிறவருக்கு அவள் யாரோதான். சரி, சுருக்கம் வேண்டாம், அத்தியாயமாகவே எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கீழ்வானம் சிவந்தது என்று தொடங்கினேன். பறவைகள் கூவின. அப்புறம் கதாநாயகியின் பாட்டனார் காலத்துப் பெருமை ஒரு பக்கம். அன்று பத்திரிகைகளில் வந்த தொடர்களில் முக்கால்வாசி இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தன. என் கணவர் கையில் பசைப் பிரஷ்ஷோடு நின்றபடி படித்தார். இரண்டாவது பக்கத்தில் பிரஷ் தானாக அட்டைமேல் ஓட ஆரம்பித்துவிட்டது. படித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

"நல்லாத்தேன் இருக்கு" என்றார்.

நான் அந்தத் தாள்களை வாங்கி அடுப்பில் போட்டேன்.

அந்த வாரம் குழாயடியில் ஒன்று நடந்தது. திண்டுக்கல்லில் அப்போது தண்ணீருக்கு நாய்படாத பாடு. குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிவதற்குள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்போம். நான் "ஏனுங்க அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. அன்று அப்படி நின்றுகொண்டிருந்தபோது, தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் வேலை பார்க்கிற ஒருவருடைய மனைவி வந்தாள். எங்கள் சந்தில் மூன்றாவது வீடு. அவளுடைய இடுப்பில் குடம் இல்லை. கையிலும் இல்லை.

குழாயடியில் வெறுங்கையோடு யாராவது வருவார்களா?

"ஏன்டி, குடம் எங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவள் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். என்னைக் காட்டி, "என் மொறைய இவ எடுத்துக்கட்டும். நான் குஜிலியம்பாறைக்குப் போறேன், எங்காத்தா வீட்டுக்கு" என்றாள். திரும்பி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

தண்ணீர் வருகிறவரை வேறு பேச்சே இல்லை. அவள் அப்பன் யார், பாட்டன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குடத்தை என்ன செய்தாள், புருஷன் எங்கே, திரும்பி வருவாளா என்றுதான் பேசினோம். (ஒரு வாரம் கழித்து வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.) இரண்டு முறைத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, பச்சைக் காலிகோ புத்தகத்துக்கு முதல் வரி எனக்குக் கிடைத்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் எழுதினேன். ஒரு சின்ன ஸ்டேஷன். ரயில் வந்து நிற்கிறது. ஒரு பெண் இறங்குகிறாள். கூலிக்காரர் ஒருவர் ரயில்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமான் எங்கம்மா?" என்று கேட்கிறார். "இல்ல" என்கிறாள். அவர் நம்பாமல் மறுபடியும் பெட்டிக்குள் பார்க்கிறார். புகுந்த வீட்டிலிருந்து கட்டிய சேலையோடு கிளம்பிவிட்டாள் என்பதை நான் எங்கும் சொல்லவில்லை. அந்தக் கூலிக்காரர் யோசித்து யோசித்து அதைக் கண்டுபிடிக்கிறார். பேசாமல் அவளை அண்ணன் வீட்டுத் தெருமுனைவரை கொண்டுவந்து விடுகிறார். பதினாலு பக்கம்.

என் கணவர் வழக்கம்போல நின்றுகொண்டு படித்தார். கடைசித் தாளுக்கு வந்தபோது பிரஷ்ஷில் பசை காய்ந்து போயிருந்தது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் நாலாவது அத்தியாயமுங்க."

அவர் உடனே புத்தகத்தின் முதுகைப் பிரித்து, நான் எழுதிய தாள்களை வைத்துத் தைக்க ஆரம்பித்தார். என் கையெழுத்து உருண்டையாக, அச்சு மாதிரி இருக்கும்.

டீச்சர் மூன்றாம் முறையாக அதை எடுத்துப்போனார். வேண்டாவெறுப்பாகத்தான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்தார்.

"அக்கா, நேத்து நாலாவது அத்தியாயம் படிச்சு நானும் அழுதேன். விட்டுப்போன மூணு வாரம் எங்க கெடச்சுச்சு?"

"பழைய பத்திரிகையைப் பாத்து எழுதினதுங்க" என்று சொல்லிவிட்டேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. உள்ளே சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தப் புத்தகம் அலமாரியில் நிற்காமல் சுற்றியது. அடுத்த மூன்று நாலு வருஷத்தில் தலையில்லாமல் வந்த இன்னும் ஐந்து கதைகளுக்கு நான் தொடக்கம் எழுதினேன். ஒன்று திருட்டுக் கதை, ஒன்று டாக்டர் கதை, மற்றவை குடும்பக் கதைகள். எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. திருட்டுக் கதையில் கணக்கப்பிள்ளைதான் திருடன் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் முதல் அத்தியாயத்திலேயே அவரைக் கொஞ்சம் முழிக்கவிட்டேன். பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஒருவர், திருட்டுக் கதையைத் தவிர வேறெதையும் தொடாதவர், அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மொதப் பக்கத்துலயே கணக்குப்பிள்ளன்னு தெரிஞ்சுபோச்சு. மிச்ச நானூறு பக்கத்த எதுக்குப் படிக்கணும்?" என்றார். தையலைப் பிரித்து வேறு எழுதிச் சேர்த்தேன். தொடங்குகிறவளுக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்பது முகத்தில் தெரியக்கூடாது. அந்தப் பட்டறைக்காரரிடம் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டது அது.

ஒரு கோடை விடுமுறைக்கு டீச்சர் திருச்சியில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டு. நாடாவை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். பச்சைக் காலிகோ கதையின் முதல் மூன்று வாரங்கள், படங்களோடு.

"எங்கக்கா மாமியார் வீட்டுப் பரண்ல இருந்துச்சு. இதுல ஸ்டேஷனும் இல்ல, கூலிக்காரரும் இல்ல. நீங்க எதப் பாத்து எழுதினீங்க?"

என் கணவர் உள்ளேயிருந்து வந்தார்.

"அவ எழுதுனா டீச்சர், நாந்தேன் தச்சேன். பாதிக் குத்தம் எனக்கு."

"குத்தம் எழுதினதுல இல்லங்க. எங்கிட்டப் பொய் சொன்னதுல." என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொய்யையாச்சும் ஒழுங்கா எழுதியிருக்கலாம். அவளத் தாயில்லாப் பொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. இங்க பாருங்க, அவ அம்மா உசிரோட இருக்காங்க. ஒம்பதாவது அத்தியாயத்துல 'அம்மா'ன்னு கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி வருதே, அது பெத்த தாய் எழுதினது. நான் மாமியார்தான் மனசு திருந்தி எழுதினாங்கன்னு நெனச்சு, அந்தம்மாவுக்காக வேற அழுதேன்."

நானும் மாமியார் கடிதம் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. கட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனவர், ஒரு மாதம் கடைப்பக்கமே வரவில்லை.

அந்த மூன்று வாரங்களையும் நான் படித்தேன். முதல் வாரம் தேர்த்திருவிழா வர்ணனை, இரண்டாவது வாரம் வம்சாவளி. பத்துப் பக்கத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. என்னுடைய ஸ்டேஷன் இதைவிட எவ்வளவோ மேல் என்று கர்வமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு சின்னக் காட்சி வந்தது. புதுமருமகள் முதல் பந்தியில் சாப்பிடுகிறாள். மாமியார் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். இவள் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் இலையில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள். அடுத்த பந்தியில் உட்கார்ந்தவர்கள் வாயில் வைத்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. மாமியார் சமையலறை வாசலில் நின்று இவளையே பார்க்கிறாள்.

அரைப் பக்கந்தான். அதைப் படித்ததும் அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வாஞ்சை வந்துவிட்டது. நான் எழுதிய பெண் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தாள். யாருக்கும் அவளைப் பிடித்துப்போக நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு தொடக்கத்துக்கு இரண்டும் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. கர்வம் கொஞ்சம் இறங்கியது, நம்பிக்கை கூடியது. என்ன குறை என்று தெரிந்துவிட்டால் செய்துவிடலாம் இல்லையா?

அசல் வாரங்களைப் புத்தகத்தில் சேர்த்தோம். நான் எழுதியதைக் கடைசியில் தனியாகத் தைத்து, மேலே 'இது நூல்நிலையத்தில் எழுதிச் சேர்த்தது' என்று எழுதினேன். மற்ற ஐந்திலும் அப்படியே குறிப்பு எழுதினேன். டீச்சர் ஒரு மாதம் கழித்து வந்து, அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் குறிப்புகளைப் பார்த்தார். அப்புறம் இரண்டு புத்தகம் எடுத்துக்கொண்டார். கோபம் போனதா, அல்லது ஊரில் வேறெங்கும் படிக்கப் புத்தகம் கிடைக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை.

"ஒங்க கதைய எழுதினா யாரு ஒங்களக் கேக்கப் போறா?" என்று மட்டும் வாசலில் நின்று சொன்னார்.

அது எனக்கு முன்பே தோன்றியிருந்தது. இதற்கிடையில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், அறுபதுகளின் தொடக்கம். மத்தியானம் இரண்டு மணி நேரம் எனக்கென்று கிடைத்தது. எழுத உட்கார்ந்தேன். தொடக்கம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒன்று எழுதினேன், பிரமாதமாக வந்தது. இரண்டாவது அத்தியாயம் வரவில்லை. இன்னொன்று தொடங்கினேன், அதுவும் அப்படியே நின்றது. இப்படி ஏழு தொடக்கம். ஏழையும் என் கணவர் படித்தார். ஏழிலும் "அப்புறம்?" என்றார்.

"எல்லா வாசலும் நல்லாத்தேன் இருக்கு. உள்ள வீட்டத்தேன் காணோம்" என்றார் ஏழாவது முறை. கோபம் வந்தது. ஆனால் உண்மை. மற்றவர்கள் கதைக்கு எழுதும்போது மிச்சக் கதை முழுவதும் எனக்கு முன்னால் கிடந்தது. இங்கே வெறும் தாள்.

அப்போதுதான் இப்படி யோசித்தேன். எனக்குப் பழகின வழியிலேயே போனால் என்ன? முதலில் தலையில்லாமல் ஒரு புத்தகத்தை எழுதுவோம். முடித்த பிறகு தலையைச் செய்துகொள்வோம்.

கதை என்னிடம் இருந்தது. சில வருஷம் முன்பு சிறுமலைக்குப் போயிருந்தோம். என் கணவருக்குத் தெரிந்த குடும்பம், மலைவாழைத் தோட்டம். அங்கே இரண்டு ஓரகத்திகள் இருந்தார்கள், அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. என்ன வேண்டுமானாலும் வீட்டு நாயிடம் சொல்வார்கள். "ஏ நாயி, உப்புச் சட்டி எங்கன்னு கேளு." "ஏ நாயி, ஒறிமேல இருக்குன்னு சொல்லு." நாய் நடுவில் படுத்துக்கொண்டு வாலை ஆட்டும். வீட்டில் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்களுக்குப் பழகிவிட்டது. கடைசி பஸ்ஸில் இறங்கி வரும்போது என் கணவர் நினைத்து நினைத்துச் சிரித்தார். எனக்கு அந்த இரண்டு பெண்களுடைய முகம் மனசைவிட்டுப் போகவே இல்லை.

அவர்களை அப்படியே எழுதவில்லை. மலையை மட்டும் வைத்துக்கொண்டு வேறு குடும்பத்து ஆட்களாக்கி, வேறு காரணம் கொடுத்து, நாலாவது அத்தியாயத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். இரண்டு வருஷம் ஆயிற்று. நடுவில் எத்தனையோ கிழித்துப் போட்டேன், எழுதுவதை நிறுத்தவில்லை. 'முற்றும்' போட்ட மறுநாள் முதல் அத்தியாயத்துக்கு உட்கார்ந்தேன். ஒரே மத்தியானத்தில் முடிந்தது. மூன்று அத்தியாயத்துக்கு இடம் விட்டிருந்தேன், ஒன்றே போதுமானதாக இருந்தது. அது இப்படித் தொடங்கும்: 'பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, நகரு.'

தோட்டத்தில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. தார் கனத்து ஒரு வாழை அவள்மேல் சாய்கிறது. அதைப் பார்த்த இன்னொருத்திக்கு நாயைத் தேட நேரம் இல்லை. நகர்ந்து தப்பித்தவள் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, நன்றி சொல்லத் தெரியாமல், விழுந்த தாரில் நல்ல சீப்பாகப் பார்த்து ஒன்றை அறுத்து, மற்றவள் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். உப்பில்லாத வெஞ்சனத்தைப் படித்திராவிட்டால் அந்தச் சீப்பு எனக்குத் தோன்றியிருக்காது.

சென்னையில் ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. கூடவே மரியாதையான ஒரு கடிதம். கதை நன்று, ஆனால் தொடக்கம் திடுதிப்பென்று இருக்கிறது, சிறுமலையின் இயற்கை எழிலை வர்ணித்து, பெண்கள் இருவரின் பிறந்தகம் பற்றிச் சொல்லி, பிறகு சம்பவத்துக்கு வரலாம், அப்படி மாற்றி அனுப்பினால் பரிசீலிக்கிறோம்.

எழுதத் தொடங்கிய புதிதில் இந்தக் கடிதம் வந்திருந்தால் அன்றே மாற்றியிருப்பேன். இப்போது எனக்கு வேறு யோசனை. முதல் அத்தியாயத்தைப் பதினைந்து பிரதி கையால் எழுதினேன். மெல்லிசாகத் தைத்து, எங்கள் கடையிலிருந்து யார் எந்தப் புத்தகம் எடுத்தாலும் உள்ளே ஒன்றை வைத்துக் கொடுத்தோம். பேர் போடவில்லை. 'மேலே படிக்க விருப்பமிருந்தால் கடையில் சொல்லவும்' என்று கடைசியில் ஒரு வரி.

முதலில் வந்தவர் பூட்டுப் பட்டறைக்காரர்.

"அந்தம்மா ஏன் பன்னெண்டு வருசம் பேசல? அத மட்டும் சொல்லுங்க. நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

"அதுக்குத்தானுங்க மிச்சம் முப்பது அத்தியாயம் இருக்குது."

"இந்தக் குடும்பக் கதையெல்லாம் நான் படிக்கிறதில்ல."

"அப்பச் சொல்ல மாட்டனுங்க."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "சரி, குடுங்க" என்றார். நான் எழுதிய நோட்டுகளில் முதல் இரண்டை வாங்கிப் போனார். அந்த வாரத்துக்குள் பதினைந்தில் பதினொரு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். நோட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்து, யாரிடம் எது இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்வதற்குள் என் கணவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

டீச்சர் கடைசியில் வந்தார். கையெழுத்து அவருக்குத் தெரியும்.

"இதுல யாராச்சும் செத்துப்போயிட்டுக் கடுதாசி எழுதுறாங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"அப்ப ஒங்க பேரப் போடுங்க. பேரில்லாம இனிமே எதையும் எங்கிட்டக் குடுக்காதீங்க."

பேரோடு இன்னொரு வார இதழுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம்: இந்தத் தொடக்கத்தைப் பதினைந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன், பதினொரு பேர் மேலே கேட்டு வந்தார்கள், ஆகவே இதில் மாற்றம் செய்வதற்கில்லை. கொஞ்சம் திமிராகத்தான் எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் வந்த இதழை பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்து என் கணவர் சைக்கிளில் கொண்டுவந்தார். பிரித்தேன். 'இயற்கை அன்னை பச்சைப் பட்டாடை உடுத்திப் பவனி வரும் சிறுமலைச் சாரல்' என்று தொடங்கியது. பன்னிரண்டு வரி எனக்குத் தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் 'நகரு' வந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இதழைத் தூக்கி எறிந்தேன்.

அவர் அதைப் பொறுக்கி, மடிப்பை நீவிவிட்டு, "நீ ஆறு பேருக்குச் செஞ்சத ஒனக்கு ஒருத்தர் செஞ்சிருக்காரு. அம்புட்டுத்தேன்" என்றார்.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் இரண்டு வேலை செய்தேன். பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் வரிகளுக்கு முன்னாலோ பின்னாலோ இனி ஒரு வரியும் சேர்க்க வேண்டாம் என்று. அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. இன்னொன்று, நான் தலை எழுதிய ஆறு பேரில் அப்போதும் எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு, அவர்கள் எழுதுகிற பத்திரிகை மூலமாக, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒருவர் பதில் போடவில்லை. பச்சைக் காலிகோ புத்தகத்தை எழுதியவர், அந்த அத்தியாயத்தை அனுப்பும்படி ஒரு கார்டு போட்டிருந்தார். படி எடுத்து அனுப்பினேன். பத்து நாளில் இன்னொரு கார்டு வந்தது. 'ஸ்டேஷன் எனக்குத் தோன்றவில்லை, பொறாமையாக இருக்கிறது. ஆனால் உயிரோடு இருந்த தாயைக் கொன்றதற்கு மன்னிப்புக் கிடையாது.' அதை டீச்சரிடம் காட்டினேன். அன்றைக்குத்தான் அந்த விஷயத்துக்கு அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

தொடர் முடிந்த மறு வருஷம் மதுரையில் ஒரு பதிப்பாளர் அதைப் புத்தகமாகப் போட்டார். அந்தப் பன்னிரண்டு வரியை நானே அடித்து எடுத்துவிட்டேன். புத்தகம் நன்றாகவே போயிற்று. சில மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த நாவலுக்கு ஒப்பந்தம் போடலாம், முதல் இரண்டு அத்தியாயத்தை மட்டும் இப்போதே அனுப்பினால் படித்துப் பார்த்துவிடுவேன் என்று கேட்டிருந்தார்.

'முதல் இரண்டு அத்தியாயமும் இன்னும் எழுதவில்லை. இப்போது பதினோராவது நடந்துகொண்டிருக்கிறது. வேண்டுமானால் அதை அனுப்புகிறேன்' என்று பதில் போட்டேன்.

அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஒப்பந்தம் வந்தது.